மேல் வண்டி

வாங்க, வாங்க. கேட்டு தெறந்துதான் கெடக்குது, உள்ள வாங்க. அங்க இல்லீங்க, இங்க. மேல பாருங்க. இன்னுங் கொஞ்சம் மேல. ஆங், அந்தச் சிவப்பு வண்டிதான். கண்ணாடிக்குள்ள தெரியறது நானுங்க. நாச்சிமுத்து.

நீங்க திருப்பூர்ல இருந்து வந்தவருதானே? லிஃப்ட் கம்பெனிக்காரரு நேத்தே சொன்னாருங்க. "வீட்டுல கார் லிஃப்ட் போடலாமா வேண்டாமான்னு ஒருத்தர் யோசிச்சிட்டிருக்காரு சார், உங்க வீட்டுல ஓடறதைக் கண்ணால பாத்துட்டாத் தைரியமா முடிவெடுப்பாரு"ன்னாரு. தாராளமா வரச்சொல்லுங்கன்னேன். உங்க பேரு? சென்னியப்பன். சந்தோசமுங்க. நோம்பி நாளும் அதுவுமா அலைய விட்டுட்டேன், மன்னிச்சுக்கோங்க.

நான் எதுக்கு மேல ஒக்காந்திருக்கேனா? டெஸ்ட்டுங்க. மேல ஒரு ஆளு ஒக்காந்தா ஆடுதா, சாயுதான்னு பாத்துட்டிருக்கேன். ஒரு மயிரிழை ஆடலையே! நான் முப்பத்திரண்டு வருசம் கணபதியில லேத்துப் பட்டறை வச்சிருந்தவனுங்க. ரசமட்டம் வச்சுப் பாத்து, நாலு தூணையும் நானே நிமித்தின லிஃப்ட் இது. எவ்வளவு நேரமாவா? இப்பத்தான். மணி என்னங்க இப்ப? பன்னண்டா? சரி, அப்ப ஒரு மூணே கால் மணி நேரம் இருக்குமுங்க.

இருங்க, போயிராதீங்க. ஒக்காருங்க. அந்த பிளாஸ்டிக் சேரை இழுத்துப் போட்டுக்கங்க. காபி குடுக்கலாம்னா வீட்டுல ஆளில்லை. என்ர வீட்டுக்காரம்மா ஒரு சுத்துப் போயிருக்குது. இப்ப வந்துரும்.

என்னது, நீங்க கெளம்பறப்ப என்ர நம்பருக்கு அடிச்சீங்களா? யாரு எடுத்தா? பொம்பளைக் குரலா? அவதானுங்க. என்ர போனு என்ர வண்டியிலதான் இருக்குது, வண்டி அவகிட்ட இருக்குது. என்ன சொன்னா? "அவரு வீட்டுலதான் இருக்காரு, எங்கயும் போகமாட்டாரு, தைரியமாப் போய்ப் பாருங்க"ன்னாளா?

அப்படியா சொன்னா.

சரி விடுங்க. நீங்க லிஃப்ட் பாக்க வந்தவரு, லிஃப்டைப் பாருங்க. நாலு தூணு. தூணுக்கு நாலு போல்ட்டு. பழைய தரை தாங்காதுன்னு அரை அடிக்கு ஒடைச்சு, கம்பி கட்டி, புதுசா கான்கிரீட் போட்டு, இருவத்தொரு நாள் தண்ணி கட்டினேன். மோட்டாருக்குத் தனி லைன். ஏத்தறப்ப நாலு தூணுலயும் கடக் கடக்குன்னு லாக் விழுகும். அந்தச் சத்தம் கேட்டா எனக்கு அப்படியொரு நிம்மதிங்க. விழுந்துட்டா அப்புறம் கரண்ட் போனாலும் சரி, ஆயில் ஒழுகினாலும் சரி, மேல இருக்கறது மேலதான். சாவி இல்லாம எவனும் இறக்க முடியாது.

ஒயரமா? முதல்ல பத்தடிதானுங்க இருந்துச்சு, மேல கான்கிரீட். அதுக்கு மேல ஒரு ரூமு. அதுல அவ தையல் மெஷின் வச்சிருந்தா. அந்த ரூமை எடுத்துட்டு தகரம் போட்டதுலதான் இந்த ஒயரம் கிடைச்சுது. தையல் மெஷினை மாடிப்படிக்கு அடியில போட்டுக் குடுத்துட்டேன். அங்க வெளிச்சம் கொஞ்சம் கம்மி. அவ ஒண்ணும் சொல்லலை. சொல்ற ஆளும் இல்லீங்க அவ, தங்கமானவ.

ரெண்டு வண்டி எதுக்குன்னுதானே கேக்கறீங்க? எல்லாரும் கேக்கறதுதான். ரெண்டு பேரு இருக்கற வீடு, பையன் ஓசூர்ல இருக்கான், எதுக்கு ரெண்டு வண்டி? நானும் அதையேதான் கேட்டேன்.

வசந்தாமணிக்கு, அவ பேரு வசந்தாமணிங்க, அவளுக்கு அம்பத்திரண்டு வயசுல திடீர்னு கார் ஓட்டோணும்னு வந்துருச்சு. என்ன பண்றதுங்க? முப்பது வருசமா நாந்தான் எங்க வேணும்னாலும் கூட்டிட்டுப் போறேன். ஆஸ்பத்திரி, கோயில், கல்யாணம், எழவு, எதுக்கு நான் வரலைன்னேன்? ஆனா அவ டிரைவிங் ஸ்கூல்ல சேர்ந்து, லைசென்ஸும் எடுத்துட்டு வந்து நிக்கறா. அவ அப்பன் காட்டை வித்ததுல அவ பங்குக்கு வந்ததுல இந்த வண்டியை வாங்கினா. பழைய வண்டிதான். கண்ணாடியைக் கையால சுத்தித்தான் ஏத்தோணும், இறக்கோணும். என்ரகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நல்ல வண்டியாப் பாத்துக் குடுத்திருப்பேன். கேக்கலை.

வாங்கினதுல இருந்து தெனமும் சாயங்காலம் நாலு மணியானா வண்டியை எடுத்துட்டுப் போயிருவா. "எங்க போறே?"ம்பேன். "சும்மாங்க"ம்பா. "சும்மான்னா?" "சும்மா ஒரு சுத்துங்க." சும்மான்னு ஒரு ஊரு இருக்குதுங்களா? நீங்களே சொல்லுங்க. காய் வாங்கப் போறேன்னு சொல்லு, கோயிலுக்குன்னு சொல்லு, சிநேகிதியைப் பாக்கன்னு சொல்லு, சரி, போயிட்டு வா. சும்மான்னா என்ன அர்த்தம்? நான் என்ர ஆயுசுல சும்மா எங்கயும் போனதில்லீங்க. பட்டறை இருந்தப்ப பட்டறை. வித்ததுக்கு அப்புறம் பேங்க், ஈபி ஆபீசு, ஏதோ ஒரு வேலையாத்தான் போவேன். வேலையில்லைன்னா வீட்டுல இருப்பேன்.

ஒரு நாளு பின்னாலயே போனேன். சந்தேகம்னு நெனச்சுக்காதீங்க, சீச்சீ. வண்டி பழசு, வழியில நின்னு போச்சுன்னா? அந்த அக்கறைதான். பேரூர்ப் பக்கம் குளத்துக் கரையில கொண்டுபோய் நிறுத்தினா. நான் தூரமா ஒரு புளியமரத்தடியில நிறுத்திட்டுப் பாத்துட்டிருந்தேன். யாரோ வரப்போறாங்கன்னு பாக்கறேன், ஒருத்தரும் வரலை. கண்ணாடியை இறக்கிவிட்டா. டேஷ்போர்டைத் தெறந்து முறுக்கு எடுத்தா. குளத்தைப் பாத்துட்டு முறுக்கைத் தின்னுட்டு ஒக்காந்திருக்கா. ஒரு மணி நேரமுங்க! போன் பேசலை. பாட்டுக் கேக்கலை. சிரிக்கலை, அழுகலை. ஒரு மணி நேரம் ஆனதும் கண்ணாடியை ஏத்திட்டு வீட்டுக்கு வந்துட்டா.

யாராச்சும் வந்திருந்தாக்கூட எனக்கு இவ்வளவு கஷ்டமா இருந்திருக்காதுங்க. உங்களுக்குப் புரியுதா? வீட்டுல ஒக்கார எடமா இல்லை? ஹாலுல சோபா, வெளிய ஊஞ்சல், மாடியில ஈசி சேர். இதையெல்லாம் விட்டுட்டு குளத்துக் கரையில போயி, வேகற வண்டிக்குள்ள ஒக்காந்திருக்கான்னா? அவ மொகம் அன்னிக்கு வேற மாதிரி இருந்துச்சுங்க. எப்படின்னு சொல்லத் தெரியலை. முப்பது வருசத்துல நான் பாக்காத மொகம்.

அடுத்த வாரமே லிஃப்ட் கம்பெனிக்கு போன் பண்ணினேன்.

அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லீங்க. அவ வண்டி தெருவுல நின்னுட்டிருந்துச்சு. வேப்பமரம், காக்கா எச்சம், எதுத்த வீட்டுப் பசங்க பந்து. ஒரு வண்டிக்கு மேல ஒரு வண்டியா நிறுத்திட்டா ரெண்டும் நெழலுல நிக்குமில்லீங்க? அந்த நல்லெண்ணந்தான்.

எந்த வண்டி மேலன்னு ஒரு கேள்வி வருமுங்க, உங்க வீட்டுலயும் வரும், இப்பவே யோசிச்சு வச்சுக்கங்க. கீழ் வண்டியை எப்ப வேணும்னாலும் எடுக்கலாம். மேல் வண்டியை எடுக்கோணும்னா கீழ் வண்டியை முதல்ல வெளிய எடுக்கோணும், அப்புறம் சாவியைப் போட்டு, ஒரு இஞ்சு மேல ஏத்தி, லாக்கை விடுவிச்சு, அப்புறந்தான் இறக்கோணும். என்ர வண்டி பெருசு, கனம். கனமானதைக் கீழ வைக்கறதுதானே மொறை? அவ வண்டியை மேல வச்சேன். சாவி ஒண்ணேதான், நம்ம அரைஞாண் கயித்துல இருக்கும், குளிக்கறப்பக்கூட. பத்திரமா இருக்கோணுமில்ல? மெஷின் விசயம்.

அதனால அவளுக்குத் தடையா? ஒரு தடையும் இல்லீங்க. கேட்டா இறக்கிக் குடுக்கப் போறேன். ஒரு வார்த்தை கேட்டாப் போதும். மூணே கேள்விதான் கேப்பேன். எங்க போறே? எதுக்கு? எத்தனை மணிக்கு வருவே? இது மூணுக்கும் பதில் சொல்லிட்டா அஞ்சே நிமிசத்துல வண்டி தரையில நிக்கும். சும்மான்னா மட்டும் இறக்க மாட்டேன். சும்மாவுக்கு எதுக்கு மோட்டாரைப் போட்டு ஓட்டோணும்?

முதல் மாசம் நாலஞ்சு தடவை கேட்டா. அடுத்த மாசம் ஒரு தடவை. அப்புறம் மூணு மாசமாக் கேக்கறதே இல்லை. அந்த ஆசை அப்படியே அடங்கிருச்சுங்க. எவ்வளவு நிம்மதி பாருங்க. சாயங்காலம் நாலு மணிக்கு அந்தப் படியில வந்து ஒக்காந்து மேல இந்த வண்டியவே பாத்துட்டிருப்பா. நானும் பக்கத்துல ஊஞ்சல்ல ஒக்காந்துக்குவேன். ஒரு சண்டை உண்டா, சச்சரவு உண்டா? லிஃப்ட் போட்டதுல எனக்குக் கெடச்ச பெரிய நன்மை அதுதானுங்க.

ஒரே ஒரு தொந்தரவு. ரொம்ப நாளு எடுக்காம நிறுத்தி வச்சா மேல் வண்டியில பேட்டரி செத்துரும். இப்ப இதுல செத்துருச்சு. அதனாலதான் ஆரன் அடிச்சும்... இல்லை, ஆரன் எதுக்கு அடிக்கப் போறேன். சும்... டெஸ்ட்டுக்கு அடிச்சுப் பாத்தேன்.

சரிங்க. ஒளிச்சு என்ன பண்றது. நீங்களும் பெரிய மனுசன், புரிஞ்சுக்குவீங்க. எனக்கு இறங்க முடியலை.

சிரிக்காதீங்க. மூட்டு ஆப்பரேசன் பண்ணுன காலுங்க இது, ஏழடி குதிக்கற காலில்லை. பக்கத்து வீடு ரெண்டும் பூட்டிக் கெடக்குது, நாலு நாள் லீவுன்னு ஊருக்குப் போயிட்டாங்க. காலையில பால்காரன் சைக்கிள்ல போனான், கூப்பிட்டேன். அவன் தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாத்தான், மேல பாக்கலை. போயிட்டான்.

எப்படி ஏறுனேனா? ஏணிதான். எல்லாம் நானே சொல்லி நடந்ததுதானுங்க, அதுதான் மனசு ஆற மாட்டீங்குது.

இன்னிக்கு ஆயுத பூஜை. விடியக்காலமே எந்திரிச்சு குளிச்சிட்டு வந்தா, மூணு மாசங் கழிச்சு அவ வாயைத் தெறக்கறா. "ஏனுங்க, இன்னிக்கு என்ர வண்டியை இறக்கிக் குடுங்க. குளத்துப் பக்கம் போயிட்டு வந்தர்றேன்." நல்ல நாளும் அதுவுமா எங்க, எதுக்குன்னு சண்டை போட வேண்டாமேன்னு எனக்கு. முதல் வேலையா லிஃப்டுக்குத்தான் பூஜை போட்டேன். நாலு தூணுக்கும் திருநீத்துப் பட்டை, சந்தனம், குங்குமம், மோட்டாருக்கு மாலை. அரைஞாண் கயித்துல இருந்து சாவியைக் கழட்டித் தட்டுல வச்சு சூடமும் காட்டிட்டேன். அந்தா தெரியுது பாருங்க, தூணுக்குப் பக்கத்துல ஸ்டூலு மேல, தட்டுல, பொரிகடலைக்குள்ள.

"லிஃப்டு மெஷினாக்கும். பூஜை போட்ட மெஷினை நாளைக்குக் காலையில வரைக்கும் தொடக்கூடாது, உனக்குத் தெரியாததா?"ன்னேன். எங்க பட்டறையில அது சட்டமுங்க. ஒரு வருசம், அவசர வேலைன்னு பூஜை போட்ட அன்னிக்கே லேத்தை ஓட்டினேன். இந்தா, கையை நீட்டறேன் பாருங்க. நடுவிரல்ல நுனி இருக்குதா? அன்னிக்குப் போனதுதான். அதுல இருந்து நான் தொட்டதில்லை.

அவ தட்டுல இருந்த சாவியைப் பாத்தா. அப்புறம் கேட்டா, "வண்டியுங்க? வண்டியும் நாளைக்குத்தானா?"

"வண்டி வேற, மெஷின் வேற. வண்டின்னா எலுமிச்சம்பழத்து மேல ஏத்தி ஒரு சுத்து சுத்தியே ஆகோணும். அதுதான் மொறை"ன்னேன்.

"சரிங்க"ன்னா. அவ்வளவுதான்.

சனிக்கிழமைங்க, ஒம்பதுக்கு ராகு காலம். அதுக்குள்ள வண்டி பூஜை முடிக்கோணும். என்ர வண்டிக்கு முடிச்சிட்டேன். பாவம், அவ வண்டிக்கும் ஒரு பொட்டு வச்சு விடலாம்னு ஏணியைப் போட்டு ஏறினேன். அவளே தாங்கிப் புடிச்சா. முன்னால பொட்டு வச்சு, மாலை போட்டு, உள்ள பிள்ளையார் பொம்மைக்கு வைக்கலாம்னு கதவைத் தெறந்து சீட்டுல ஒக்காந்தேன். மணி எட்டே முக்கால். கீழ இருந்து சொல்றா, "ஏனுங்க, ராகு காலம் வந்துருமே. உங்க வண்டியை எலுமிச்சம்பழத்து மேல நான் ஏத்திரட்டுங்களா?"

என்ர வண்டியை நான் அவகிட்டக் குடுத்ததே இல்லீங்க. ஆனா நேரமாச்சே. "ஏத்து"ன்னேன். "சாவி தட்டுல இருக்குதுங்களே"ன்னா. "வண்டிச் சாவியை எடுக்கலாம், லிஃப்ட் சாவியைத் தொட்டுராதே"ன்னேன். "ஏணி குறுக்க நிக்குதுங்க"ன்னா. "எடுத்து ஓரமா வை, என்ர வண்டியில கீறல் விழுந்துரப் போகுது"ன்னேன். நாந்தான் சொன்னேன். என்ர வாயாலதான் சொன்னேன். ஏணியை வீட்டுக்குப் பின்னால கொண்டுபோய் வச்சிட்டு, அங்க போற கிரில் கேட்டைப் பூட்டிட்டு வந்தா. "ஒரு சுத்துங்களா?"ன்னா. "ஒரு சுத்து"ன்னேன். நாலு எலுமிச்சம்பழமும் டப்டப்புன்னு ஒடைஞ்சுது. நேராப் போயிட்டா.

ஒரு சுத்துன்னா எவ்வளவு தூரம்னு நான் சொல்லலீங்க. சொல்லியிருக்கோணும்.

தெருமுனையில திரும்பி வருவான்னு பாத்தேன். ஒம்பதாச்சு. பத்தாச்சு. வண்டி எங்காச்சும் நின்னு போச்சோன்னு பயம். அப்புறம் அது புது வண்டி, நிக்காதுன்னு ஞாபகம் வந்துச்சு. அப்புறம் கோபம். அப்புறம் பசி. சக்கரை இருக்கற ஒடம்புங்க. டேஷ்போர்டைத் தெறந்தா, முறுக்கு. மூணு மாசத்து முறுக்கு, நமுத்துப் போச்சு. தின்னுட்டேன். டப்பாவுல ஒண்ணு பாக்கி இருக்குது. அவளுக்குன்னு வச்சிருக்கேன்.

இந்த சீட்டுல நான் ஒக்கார்றது இதுதான் முதல் தடவை. அவ வெச்ச ஒரு சின்னத் தலகாணி முதுகுக்கு இருக்குது. கண்ணாடியை இறக்கிவிட்டேன், காத்து வருதுங்க. அந்த ரெண்டு அபார்ட்மென்ட்டுக்கு நடுவுல பாருங்க, உங்களுக்குத் தெரியாது, கீழ இருந்து செவுரு மறைக்கும். இங்கிருந்து மருதமலை தெரியுது. கோபுரம் மொதக்கொண்டு. இருவத்தாறு வருசமா இந்த வீட்டுல இருக்கேன், எனக்குத் தெரியாது. மேல தையல் ரூமு இருந்தப்ப அவளுக்குத் தெரிஞ்சிருக்குமோ என்னமோ. சொல்லலை.

நான் கேக்கலை.

சென்னியப்பன், ஒரு ஒதவி. இல்லை, வேண்டாம். என்னன்னா, அவளுக்கு ஒரு போன் போட்டுப் பாக்கறீங்களா? நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. நீங்களா, "வீட்டுக்கு வந்துட்டேன், எப்ப வருவீங்க"ன்னு கேக்கற மாதிரி. அவ நம்பரா? அது எனக்கு மனப்பாடம் இல்லீங்க, போன்ல "வீடு"ன்னு போட்டு வச்சிருக்கேன். என்ர நம்பருக்கே போடுங்க, அவதான் எடுப்பா.

ரிங் போகுதா? எடுக்கலையா? சரிதான். வண்டி ஓட்டறப்ப போன் எடுக்கக்கூடாதுன்னு நான்தான் சொல்லி வச்சிருக்கேன். நான் சொன்னதை எல்லாம் அப்படியே கேக்கறா பாருங்க.

நீங்க தோள் குடுக்கறீங்களா? வேண்டாமுங்க. முதல் தடவை பாக்கறோம், உங்க தோள் மேல கால் வைக்கறதா? நீங்களும் எதோ முதுகுக்கு பெல்ட்டுப் போட்டிருக்கற மாதிரித் தெரியுது. சாவியா? எடுக்காதீங்க! தொடாதீங்கன்னு சொல்றேன்ல! கீழ வண்டி இல்லை, சாவியைப் போட்டா ரெண்டு நிமிசத்துல இறங்கிருவேன், எனக்குத் தெரியாதா? மூணரை மணி நேரமா அந்தச் சாவியைத்தான் பாத்துட்டிருக்கேன். கண்ணுக்கு நேரா பொரிக்குள்ள கெடக்குது. இருந்தாலும் பூஜையில வச்சது. எடுத்தா ஏதாச்சும் நடந்துரும். இந்த விரலைப் பாருங்க.

காலையில காபி குடிச்சேன் பாருங்க, ரெண்டு டம்ளர். அதுதான் தப்பாப் போச்சு. புரியுதுங்களா? வாயை விட்டு எப்படிச் சொல்றது. சக்கரைக்காரனுக்கு மூணரை மணி நேரங்கறது ரொம்ப அதிகமுங்க. பத்தே முக்கால்ல இருந்தே... மணி பன்னண்டரை தானா? எனக்கு ரெண்டு மணியாயிட்ட மாதிரி இருக்குது. காலைக் குறுக்கிட்டு ஒக்காந்திருக்கேன். கண்ணுல தண்ணி வருது. அழுகலை, அது இதுனாலதான். ஒரு மனுசனைக் கூண்டுல போட்ட மாதிரி இருக்குதுங்க. வேணும்னாலும் எங்கயும் போக முடியாது, எவன்கிட்டயாச்சும் கேட்டுத்தான் போகோணும்னா அது ஒரு பொழைப்பா? நீங்களே சொல்லுங்க, அது ஒரு பொழைப்பா?

ஏன் என்னை அப்படிப் பாக்கறீங்க?

சரி. சரிங்க. எடுங்க. சாமி மன்னிக்கும். சாவியை எடுங்க. கண்ணுல ஒத்திக்கிட்டு எடுங்க. பொரியை ஒதறிடுங்க. அந்த மஞ்சப் பொட்டியில ஓட்டை இருக்குது பாருங்க, அதுல போட்டு வலப்பக்கம் திருப்போணும். இருங்க, முதல்ல மேல ஏத்தற பட்டன்...

நில்லுங்க. சத்தம் கேக்குதா? என்ர வண்டி. அது என்ர வண்டிதான், எனக்குத் தெரியும். வந்துட்டா!

ஏ புள்ள! வெளியவே நிறுத்து! உள்ள வராதே! உள்ள வேண்டாம், வேண்டாம்... சென்னியப்பன், கை காட்டி நிறுத்துங்க! அவ கண்ணாடியை ஏத்தியிருக்கா, கேக்காது!

உள்ள கொண்டாந்துட்டா. நேரா எனக்கு அடியில. எவ்வளவு நேர்த்தியா நிறுத்திட்டா பாருங்க, ரெண்டு பக்கமும் சரியா ஒரே எடம் விட்டு. நான்கூட ரெண்டு தடவை முன்ன பின்ன எடுப்பேன். டயரெல்லாம் சேறு. குளத்துச் சேறு.

இனிச் சாவி இருந்தும் பிரயோஜனம் இல்லீங்க. கீழ வண்டி நின்னா மேல் வண்டி இறங்காது.

ஏ புள்ள, எங்க போனே இத்தனை நேரம்? ஒரு சுத்துன்னா இதுவா ஒரு சுத்து? சரி, அதெல்லாம் அப்புறம். இவரு திருப்பூர்ல இருந்து வந்திருக்காரு. ஆமா, இவருதான் போன் பண்ணினவரு. என்னங்க, உங்களை வாங்கன்னு கூப்பிடறா, நீங்க பாட்டுக்குப் போறீங்க. அட, சாவியை ஏன் அவகிட்டக் குடுத்தீங்க? கேட்டான்னா குடுத்துருவீங்களா? பாருங்க, இடுப்புல செருகிட்டா.

அம்மிணி. அந்த ஏணியை எடுத்துட்டு வா. நல்லா இருக்கறே. எடுத்துட்டு வா சாமி.

என்ன கேக்கறா? சரியாக் கேக்கலை. இறங்கி எங்க போறீங்கன்னா?

எங்க போவேன்? இதென்ன கேள்வி? கீழ இறங்கறதுக்கு எங்க, எதுக்குன்னு காரணம் சொல்லோணுமா ஒரு மனுசன்? என்ர வீடு, என்ர லிஃப்ட்டு. எதுக்குன்னு வேற கேக்கறா. எத்தனை மணிக்கு வருவீங்களாம். கேட்டீங்களா சென்னியப்பன், எத்தனை மணிக்கு வருவீங்களாம்! நீங்க எதுக்கு அந்தப் பக்கம் திரும்பிக்கறீங்க? நீங்க சொல்லுங்க, எனக்கு எதுக்கு அவசரம்னு உங்களுக்குத் தெரியுமில்ல? சொல்லாதீங்க, சொல்லாதீங்க. வெளி ஆளு முன்னால பொண்டாட்டிகிட்ட அதைச் சொல்லிட்டு எப்படி இறங்கி வர்றது.

அம்மிணி. வசந்தாமணி.

சும்மாதான். சும்மாதாம்மா இறங்கறேன். சும்மா, ஒரு சுத்து.

சென்னியப்பன், அவ மொகம் எப்படி இருக்குது? கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. இங்கிருந்து எனக்கு உச்சந்தலை மட்டுந்தானுங்க தெரியுது.